நாற்பது நிமிடப் பாதை

நியூசிலாந்தின் மலைப்பாதைகளில் முகப்பிலேயே ஒரு பச்சைப் பலகை நிற்கும். போகுமிடத்தின் பெயரும் அதற்கு ஆகும் நேரமும் மஞ்சள் எழுத்தில் இருக்கும். 'டாஸ்மன் பனியாற்றுக் காட்சிமுனை, போய்வர 40 நிமிடம்' என்றது எங்கள் பலகை. யாருடைய கால்களை வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்களோ, நிச்சயமாக அம்மாவின் கால்களை வைத்து இல்லை. அவளுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. பாளையங்கோட்டையில் மாடி வீட்டு விசேஷம் என்றால் "நான் கீழயே இருந்துக்கிடுதேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவள்.

கிறைஸ்ட்சர்ச்சில் தம்பி குடும்பம் இருக்கிறது. 2023 டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். அந்த ஊருக்கு அது கோடை. பனியாறு ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். புவியியல் ஆசிரியையாக வேலை பார்த்த காலமெல்லாம் பனியாற்றையும், அது குடைந்த யு வடிவப் பள்ளத்தாக்கையும், அது கொண்டுவந்து கொட்டிய கற்குவியலையும் கரும்பலகையில் வரைந்து தள்ளியிருக்கிறேன். வரைந்த எதையும் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை, நல்லவேளையாக.

ஆவோராக்கி மவுண்ட் குக் தேசியப் பூங்காவில் பனியாறு பார்க்க வழிகள் பல இருக்கின்றன. ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை ஏறக்குறைய சமதரைதான். ஆனால் போய்வரப் பத்து கிலோமீட்டர். ஸீலி டார்ன்ஸ் என்ற மலைக்குளங்களுக்குப் போனால் முல்லர் பனியாறு தெரியும். அதற்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மிஞ்சியது டாஸ்மன். முந்நூறு சொச்சம் படி ஏறினால் நாட்டிலேயே நீளமான பனியாறு கண்ணுக்கு எதிரே. மலையேறும் பழக்கமுள்ளவர்கள் இதை நடை என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. தம்பியுடன் வேலை பார்க்கும் ஒருவர், "காரை விட்டு இறங்கி எட்டிப் பார்க்கிற இடம்" என்றாராம். எட்டிப் பார்க்கக் கூட முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது முழங்கால் நன்றாக இருக்கிறவர்களுக்குப் புரிவதில்லை.

முந்தின இரவு ட்வைஸலில் தங்கினோம். நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காக 1968-இல் எழுப்பிய ஊர். வேலை முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுவதாக ஏற்பாடு. குடியிருந்தவர்கள் போராடி நிறுத்திக்கொண்டார்கள். அங்கிருந்து புகாக்கி ஏரியை ஒட்டியே சாலை போகிறது. அந்த ஏரியின் நிறத்தைப் படங்களில் பார்த்தபோது யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நேரில் இன்னும் அதிகமாக இருந்தது. நீலத்தில் பாலை ஊற்றிய நிறம், கரையிலிருந்து கரைக்கு ஒரே சீராக.

"இதுல என்னத்தல கலக்குதாவ?" என்று அம்மா தம்பியைக் கேட்டாள்.

"கல்லுமாவும்மா" என்றான்.

உண்மைதான். பனியாறு நகரும்போது தன் அடியில் இருக்கும் பாறையைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. தேய்ந்து விழும் தூள் மாவினும் நைசானது. உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் மிதக்கிறது. சூரிய ஒளி அதில் பட்டுச் சிதறும்போது நீலமும் பச்சையுமே நம் கண்ணுக்கு மிஞ்சுகின்றன. மலை உச்சியில் பனிமழை, சரிவில் அரவை, கீழே ஏரி, ஏரியைத் தேக்கி மின்சாரம். அந்த நாட்டின் விளக்குகளில் ஒரு பங்கு இந்த மாவுத் தண்ணீரில்தான் எரிகிறது.

சாலையோரமெல்லாம் லூபின் பூக்கள், ஊதாவும் இளஞ்சிவப்புமாக இடுப்பு உயரத்துக்கு. அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மருமகன் இறங்கவில்லை. பத்து வயது அவனுக்கு. அங்கேயே பிறந்தவன், பள்ளியில் சொல்லிக்கொடுப்பதை அப்படியே நம்புகிற பருவம். "அது களை, ஆச்சி. ஆத்து மணல்ல கூடு கட்டுற பறவைக்கெல்லாம் இடமே இல்லாம ஆக்கிடுது" என்றான். அவன் சொன்ன பறவைகளில் ஒன்று கறுப்பு நெடுங்கால் உள்ளான். உலகில் மிக அரிதான நீர்க்கரைப் பறவைகளில் ஒன்று, அந்தப் பள்ளத்தாக்குகளை நம்பி வாழ்வது. ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டே மூன்று பூ பறித்துக் கொண்டைக்குள் செருகினாள்.

டாஸ்மன் பள்ளத்தாக்குச் சாலை முடியும் இடத்தில் ஒரு வண்டி நிறுத்தம், ஒரு சிறு கூரை, ஒரு கழிப்பறை. நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் கிடையாது. பாதை புதருக்குள் நுழைகிறது. மட்டகூரி என்ற முள்செடி இருபுறமும். அதன் முள் சேலையைப் பிடித்தால் எளிதில் விடாது. சேலைதான் கட்டுவேன் என்று சொல்லி, அதன்மேல் தம்பியின் கம்பளிக் கோட்டையும் காலில் அவன் மனைவியின் விளையாட்டுச் செருப்பையும் அணிந்து வந்தவளை, எதிரே வந்தவர்கள் எல்லாரும் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் விடாமல் ஒவ்வொருவருக்கும் கைகூப்பினாள். அதிலேயே கால் மணி நேரம் போயிருக்கும்.

ஏறுவதற்கு முன்னால் பாதை ஒருபுறமாகப் பிரிந்து 'நீல ஏரிகள்' என்ற குளங்களுக்குப் போகிறது. அவை இப்போது பச்சை. பாசிப்பச்சை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை, அன்று அவை நீலமாகத்தான் இருந்தன. அப்போது பனியாறு பக்கத்திலேயே உயரமாக நின்றது. உருகிய நீர் கற்சுவர் வழியாகக் கசிந்து குளங்களுக்கு வந்தது. பனியாறு தாழ்ந்ததும் கசிவு நின்றது. இப்போது மழைத் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் வெயிலில் சூடாகிறது, பாசி வளர்கிறது, வாத்துகள் வருகின்றன. நாங்கள் போன அன்று இரண்டு இளைஞர்கள் கரையிலிருந்து ஓடிவந்து குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். பனியாற்றுத் தண்ணீராக இருந்திருந்தால் குதித்த வேகத்தில் வெளியே வந்திருப்பார்கள்.

பிறகு படிகள். கற்களை அடுக்கியும் பலகை வைத்து மண்ணைத் தடுத்தும் செய்த படிகள், ஒன்று அரை அடி, அடுத்தது ஒரு அடி. அம்மா பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாள். நிற்கும்போதெல்லாம் "முருகா" என்றாள். மருமகன் அவளுக்கு முன்னால் ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறினான். நான் படிகளைவிடப் படிகளின் இருபுறத்தையும் பார்த்துக்கொண்டு போனேன். அது மலையாகத் தோன்றும், ஆனால் மலையில்லை. மண்ணும் சரளையும் வீட்டளவுக் கல்லும் வகை பிரிக்காமல் ஒன்றாய்க் கிடந்தன. ஆறு கொண்டுவரும் கல்லென்றால் பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று தண்ணீரே சலித்துப் போட்டிருக்கும். பனிக்குச் சலிக்கத் தெரியாது. சுமந்துவந்த எல்லாவற்றையும் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். மொரைன் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரி வருமே, அதன் மேல்தான் ஏறிக்கொண்டிருந்தோம். பனியாறே கட்டிய கரை, அதைப் பார்க்க நாம் ஏறும் மேடை.

மேலே போய்ச் சேர்ந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கல பனி?"

தம்பி கையை நீட்டினான். கீழே சாம்பல் நிற ஏரி. புகாக்கியின் நீலம் இங்கே இல்லை, கல்மாவு இங்கே மிக அடர்த்தி. ஏரிக்குள் அங்கங்கே அழுக்கேறிய பனிப்பாறைகள் சில. ஏரிக்கு அந்தக் கோடியில், பல கிலோமீட்டர் தள்ளி, ஒரு சாம்பல் சுவர். சுவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க மேடும் பள்ளமுமாகக் கல். அந்தக் கல்தான் பனியாறு.

"இதுவா? கல்குவாரி மாதிரில்லா இருக்கு. இதைப் பாக்கவா இம்புட்டுப் படி ஏறுனேன்?"

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் அவரவர் மொழியில் சொல்லுவார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இளம் தம்பதி, பனியாறு எந்தப் பக்கம் என்று தம்பியிடம் கேட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

பனியாறு என்றால் வெண்மை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. டாஸ்மன் மேற்பகுதியில் வெண்மைதான். சுமார் 23 கிலோமீட்டர் நீளத்தில் கீழ்ப்பகுதி முழுக்கக் கல் மூடியது. தென் ஆல்ப்ஸ் மலைகள் இரண்டு நிலத்தட்டுகள் மோதி இன்றைக்கும் உயர்ந்துகொண்டிருப்பவை. கிரேவாக் என்ற பாறை, வெடிப்பும் முறிவுமாகக் கிடப்பது. எந்நேரமும் உதிரும். உதிர்ந்ததெல்லாம் பனியின் மேல் விழும், பனியோடு நகரும். கீழே வர வர மேற்பரப்புப் பனி உருகிப் போக, உள்ளே புதைந்திருந்த கல்லும் வெளியே வந்து சேரும். முனையை நெருங்கும்போது கற்போர்வை சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன்.

மருமகன் ஆச்சிக்கு விளக்கினான். "மேல கொஞ்சமா மண்ணு இருந்தா வெயில்ல சீக்கிரம் சூடாகி ஐஸ் வேகமா உருகும் ஆச்சி. நெறைய இருந்தா வெயில் உள்ள போகாது. அதனால மெதுவா உருகும்."

"அப்போ அழுக்குதான் காப்பாத்துதுங்கியா?"

"ஆமா."

அவன் சொன்னது சரிதான். கொஞ்சம் கூடுதலாக நான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை ஆசிரியைப் புத்தி என்றும் சொல்லலாம். அந்தக் கற்போர்வையால் டாஸ்மன் உலகத்தை நெடுங்காலம் ஏமாற்றிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதன் முனை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. வரைபடத்தில் நீளத்தை அளந்தவர்களுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரிந்திருக்காது. குறைந்தது உயரம். போர்வைக்கு அடியில் மெல்ல மெல்ல உருகி, பனியாறு அப்படியே கீழே தாழ்ந்தது.

அது எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு அடையாளம் நாங்கள் நின்ற இடமே. காட்சிமுனையிலிருந்து ஏரிக்கு அப்பால் எதிர்ச்சுவரைப் பார்த்தால், அதன் உச்சியில் ஒரு கோடு ஓடுவது தெரியும். கோட்டுக்கு மேலே பழைய மலை, செடியும் புல்லும் பிடித்தது. கீழே ஒரு புல்கூட இல்லாமல் செங்குத்தாகச் சரியும் மண். நூறு மீட்டருக்கு மேல். அந்தக் கோடு வரை ஒரு காலத்தில் பனி நிறைந்திருந்தது. இந்தக் கரையிலும் அப்படித்தான். 1891-இல் பால் குடில் என்ற தங்குமிடத்தை இதே பனியாற்றின் ஓரத்தில் கட்டினார்கள். ஹெர்மிட்டேஜ் விடுதியிலிருந்து வந்த பயணிகள் அங்கே தங்கி, கரையிலிருந்து சிறிது தூரம் இறங்கிப் பனிமேல் நடந்தார்கள். நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் பனிமேல் நிற்கும் பழைய படங்கள் உண்டு. அவர்களுக்குப் பனியாறு எதிரே இருந்தது. எங்களுக்கு அது பள்ளத்தில்.

இந்தச் சுவரைப் பற்றித்தான் எனக்கு அங்கே அதிகம் பேசத் தோன்றியது. எல்லாருடைய கைப்பேசியும் ஏரியையும் பனிப்பாறையையும் பார்த்தே நீண்டது. இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தை யாரும் படம் எடுக்கவில்லை. வெற்றிடத்தை எப்படிப் படம் எடுப்பது? ஆனால் அத்தனை படி ஏறி வந்து பார்ப்பதற்கு அங்கே இருக்கும் பெரிய பொருள் அதுதான். கன அளவில் பார்த்தால் மிஞ்சியிருக்கும் ஏரியையெல்லாம் அது விழுங்கிவிடும்.

தம்பி தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்தான். அவன் நியூசிலாந்துக்குப் போன புதிதில், 2009-இல், நண்பர்களோடு இதே கம்பித் தடுப்பில் சாய்ந்து எடுத்தது. அப்போது அவனுக்கு முடி நிறைய இருந்தது. பின்னால் பனியாற்றின் முனை படத்துக்குள் அகலமாக, கிட்டத்தில் நின்றது. இப்போது அதே இடத்தில் தண்ணீர். முனையைத் தேட வேண்டியிருந்தது.

"அக்கா, நீ கணக்கு டீச்சராட்டம் யோசிச்சுப் பாரு. எவ்வளவு போயிருக்கும்?"

1990-களிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 180 மீட்டர் அளவுக்கு முனை பின்வாங்குகிறது என்று சொல்கிறார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வரும். எங்கள் ஊர் வண்ணார்பேட்டையிலிருந்து கிளம்பி நடந்தால் எங்கே போய் நிற்கும் என்று மனத்தில் போட்டுப் பார்த்தேன். அம்மா அதற்குள், "அந்தப் படத்துல நீ எவ்வளவு ஒல்லியா இருக்கல" என்று வேறு கணக்குக்குப் போய்விட்டாள்.

இவ்வளவு காலம் இருந்த இடத்தில் இருந்த முனை, பிறகு ஏன் ஓடியது? ஏரிதான் காரணம். 1973-இல் அங்கே ஏரி கிடையாது. பனியின்மேல் சிறு குட்டைகள் மட்டும். தாழ்ந்துகொண்டே வந்த பனியில் குட்டைகள் பெருகின, ஒன்றோடொன்று சேர்ந்தன. 2008-இல் அளந்தபோது 7 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், 245 மீட்டர் ஆழம். தண்ணீர் பனியின் அடியை அறுக்கும்; மேலே நிற்கும் சுவர் தாங்காமல் உடைந்து விழும். விழுந்த இடம் ஏரியாகும். அந்தக் கற்போர்வையால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. 1983 முதல் சில ஆண்டுகள், மழையும் குளிரும் கூடியபோது, மலைக்கு மேற்கே இருக்கும் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு முன்னேறி வந்ததுண்டு. அதே காலத்தில் டாஸ்மன் பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

தம்பி ஒரு படத்தை வைத்துச் செய்த ஒப்பீட்டை அந்த நாட்டில் ஒருவர் வாழ்நாள் வேலையாகச் செய்தார். ட்ரெவர் சின் என்ற பனியியல் அறிஞர். 1977-இல் தொடங்கி, ஒவ்வொரு கோடை முடிவிலும் சிறு விமானம் ஒன்றில் ஏறி தென் ஆல்ப்ஸ் நெடுகப் பறந்து, ஐம்பது பனியாறுகளை ஒரே கோணத்திலிருந்து படமெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். கோடை தாண்டியும் பனி மிஞ்சும் எல்லை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர் 2018-இல் காலமானார். விமானம் இன்னும் பறக்கிறது.

திடீரென்று ஒரு சத்தம். எதிர்ச்சுவரிலிருந்து கற்கள் உருண்டு ஏரியில் விழுந்தன. தூசி மெல்ல எழுந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"பூகம்பமா?"

"இல்லம்மா. சும்மா விழுது. தினம் விழும்" என்றான் தம்பி. பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, அம்மாவிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். 2011 பிப்ரவரி 22, மதியம் 12:51. கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கம். 185 பேர் இறந்தார்கள். அவன் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் கிடந்தது எங்களுக்குத் தெரியும். அன்று இரவு வரை பாளையங்கோட்டையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நாங்கள் கிடந்த கிடையும் அவனுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதது, அதே நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்பது. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி, அந்த அதிர்வில் டாஸ்மன் முனையிலிருந்து சுமார் 3 கோடி டன் பனி ஒரே மூச்சில் உடைந்து ஏரிக்குள் விழுந்தது. ஏரியில் அலை மூன்றரை மீட்டர் வரை எழும்பியது. சுற்றுலாப் படகுகள் ஏரியில் இருந்தன. படகிலிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பேப்பர்ல இந்தச் செய்தி வந்தப்ப நான் ஒழுங்காப் படிக்கக்கூட இல்லைக்கா. யாருக்குக் கண்ணு போகும், அந்த வாரத்துல."

அம்மா அவன் தலையைத் தடவினாள். நாற்பத்திரண்டு வயதுத் தலை. மருமகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், வெட்கத்தில்.

அதற்குள் மேகம் கிழிந்து ஆவோராக்கி தெரிந்தது. முழுதாக இல்லை, தோளும் உச்சியும். அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஒரே திசைக்குத் திரும்பினார்கள். வெண்மையை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கடைசியில் வெண்மை கிடைத்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது அந்த ஊருக்குப் பொருத்தமில்லாத செயலும் இல்லை. தென் தீவின் மாவோரி மக்களான ஙாய் தாஹு குலத்தாருக்கு ஆவோராக்கி முன்னோர். வானத்தந்தையான ராக்கிநுயியின் மகன், தம்பிமாரோடு படகில் வந்தபோது படகு தரைதட்டி ஒருபுறம் சாய்ந்தது; ஏறி உட்கார்ந்தவர்களைத் தென்காற்று கல்லாக உறையவைத்தது; படகே தென் தீவு, உயரமானவன் ஆவோராக்கி. 1998-இல் அரசு அந்தக் குலத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டுச் சட்டத்தில் மலையின் பெயருக்கு முன்னால் ஆவோராக்கி சேர்ந்தது. ஏறுகிறவர்கள் உச்சியின் மிக உயர்ந்த புள்ளியில் கால் வைக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த உச்சியும் நிலையானதில்லை. 1991 டிசம்பர் 14 அன்று, நள்ளிரவு தாண்டியதும், உச்சியிலிருந்து பெரும் பாறைச்சரிவு. கல்லும் பனியும் கிழக்கு முகத்தில் பாய்ந்து, டாஸ்மன் பனியாற்றையே குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றது. சரிந்த மிச்சத்தில் தேங்கிய பனிமுடியும் வருடங்களில் தேய்ந்து, இப்போது மலையின் உயரம் 3,724 மீட்டர். நான் பாடம் நடத்திய காலத்துப் புத்தகத்தில் 3,764 என்று இருந்தது. அம்மா குவாரி என்று சொன்ன அந்தக் கல்லில் ஒரு பங்கு, 1991 வரை நாட்டின் உச்சியாக இருந்தது.

தலைக்கு மேலே சிறு விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. பனிச்சறுக்குப் பலகை பொருத்திய விமானம் டாஸ்மனின் மேல்பகுதி வெண்பனியில் முதன்முதலில் இறங்கியது 1955-இல். ஹேரி விக்லி என்பவர் ஓட்டினார். பணம் இருந்தால் இன்றும் போய் இறங்கலாம். பால் குடிலுக்குப் பேருந்து போன சாலையும் ஒரு காலத்தில் இருந்தது. பனி தாங்கிப் பிடித்த கரை, பனி தாழ்ந்ததும் பிடிமானம் இழந்து சரிய, சாலையும் துண்டு துண்டாகப் பள்ளத்துக்குள் போய்விட்டது. இப்போது நடந்துதான் போக முடியும், அதுவும் பார்த்துப் பார்த்து. எளிய வழி என்பது அந்தப் பள்ளத்தாக்கில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1930-களில் எளிதாக இருந்தது இன்று கடினம். எங்கள் அம்மா ஏறி வந்த இந்தப் படிகளும் அதே மொரைன் மேல்தான் நிற்கின்றன.

இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக, ஒரு கையில் தம்பி, ஒரு கையில் நான். கீழே கூரைக்குள் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். கீயா என்ற மலைக்கிளி ஒன்று, பச்சை இறகும் கொக்கி அலகுமாக, பக்கத்துக் காரின் கண்ணாடி ரப்பரை நிதானமாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதை விரட்டப் போனாள். அது நகரவில்லை.

ட்வைஸலுக்குத் திரும்பியபோது மாலை ஏழு. வெயில் அப்படியே இருந்தது. பாளையங்கோட்டையில் காலை பதினொன்றரை, சித்தி சமையலை முடித்திருப்பாள். அம்மா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐஸ் மலைய பாத்தியாக்கா? வெள்ளைவெளேர்னு இருந்துச்சா?"

"இல்லட்டி. ஒரே கல்லும் மண்ணும். வெள்ளையா இருந்தா அங்ஙன சீக்கிரம் உருகிப் போயிருமாம், அழுக்கா கெடக்கதுனால இன்னும் கெடக்காம். நம்ம பேரன் சொன்னான். முந்நூறு படி ஏறுனேன், கேட்டியா?"

"முட்டியோடயா?"

"முட்டியோடதான். பெறவு, செல்விக்கு அந்த இலஞ்சி மாப்பிள்ளை என்னாச்சு? பேசி முடிச்சாச்சா?"